பழைய வண்டிக்கு எந்த இன்ஜின்?



தாம்பரம், முடிச்சூர், படப்பை, வண்டலூர், மேடவாக்கம் பக்கம் நம் உறுப்பினர்கள் பலர் வீட்டில் ஒரு பழைய சரக்கு வண்டி இருக்கிறது. 407 இருக்கும், இல்லையென்றால் குட்டி யானை இருக்கும். காய்கறி ஏற்ற, தண்ணி கேன் போட, ஹாலோ பிளாக் இறக்க என்று அது ஓடினால்தான் அடுப்பும் எரியும், குழுவுக்குத் தவணையும் வரும். ஒருநாள் மெக்கானிக், "இன்ஜின் போயிடுச்சும்மா, வேற வைக்கணும்" என்று சொல்லிவிடுகிறார். உடனே அவசரக் கடன் கேட்டு விண்ணப்பம் வருகிறது. கடன் யார் பேரில்? நம் பேரில். எந்த இன்ஜின் என்று முடிவு பண்ணுவது யார்? மெக்கானிக்கும் வீட்டுக்காரரும். கடனைக் கட்டப் போகிறவருக்கும் விஷயம் தெரிய வேண்டும் அல்லவா? அதற்குத்தான் இந்த மாதப் பாடம்.

முதல் கேள்வி: இன்ஜின் உண்மையிலேயே போய்விட்டதா? புகையைப் பாருங்க. நீலப் புகை வந்தால் உள்ளே ஆயில் எரிகிறது, அதாவது ரிங், லைனர் தேய்ந்திருக்கலாம். கறுப்புப் புகை என்றால் பல சமயம் இன்ஜெக்டர், பம்ப், ஏர் ஃபில்டர் கோளாறுதான். அதற்குப் போய் இன்ஜினையே மாற்றுவது தலைவலிக்குத் தலையை மாற்றுகிற கதை. ஆயில் பால் காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட்டில் விரிசலும் இருக்கலாம். வண்டி ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா? அப்போது உள்வேலை நிச்சயம் இருக்கிறது. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து, ஒவ்வொரு சிலிண்டர் அளவையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்க. "உங்க வீட்டுக்காரரை அனுப்புங்கம்மா" என்பார்கள். "கடன் வாங்குறது நான்தாங்க, எனக்கே சொல்லுங்க" என்று சொல்லலாம், தப்பில்லை.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு காரணம் வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதியில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. வண்டி முழுகிவிட்டால் சாவியைத் தொடவே கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், பிளாக்கே ஓட்டையாகிவிடும். இப்படி உடைந்ததற்கு இன்சூரன்ஸும் பெரும்பாலும் கைவிரித்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றி, கட்டி இழுத்துப் போய், தண்ணீரை வடித்து ஆயில் மாற்றினால் பல இன்ஜின் பிழைத்துக்கொள்ளும்.

சரி, போய்விட்டது என்று உறுதியானால் என்ன வழி? பிளாக்கில் விரிசல் இல்லை, கிராங்கைத் தேய்த்துச் சரி செய்யலாம் என்றால், என் கருத்து: சொந்த இன்ஜினையே பிரித்துக் கட்டுங்க. லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றி, லேத்தில் கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை பார்ப்பதுதான். செலவு கூடத்தான். ஆனால் ஒரு பெரிய லாபம் உண்டு. இன்ஜின் நம்பர் பிளாக்கில்தான் அடித்திருக்கும். பிளாக் மாறவில்லை என்றால் நம்பரும் மாறாது, ஆர்.சி. புத்தகத்தைத் தொட வேண்டியதில்லை. கழற்றிய பழைய சாமான்களைக் கண்ணில் காட்டச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்க.

பிளாக்கே போய்விட்டால் வேறு இன்ஜின்தான். கம்பெனியே சரி செய்து, பழையதை வாங்கிக்கொண்டு தருகிற இன்ஜின்கள் உண்டு. டாடாவில் இதற்குப் 'புரோலைஃப்' என்று பெயர். நம் மாடலுக்குக் கிடைக்குமா, வாரண்டி எவ்வளவு என்று டீலரிடம் கேளுங்க. அடுத்தது புதுப்பேட்டை. அங்கே ஹாஃப் இன்ஜினும் கிடைக்கும், ஃபுல் இன்ஜினும் கிடைக்கும். விலை குறைவு, ஆனால் எத்தனை வருடம் எப்படி ஓடியது என்று யாருக்குத் தெரியும்? ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீங்க. போகும்போது இன்ஜின் ஜில்லென்று இருக்க வேண்டும். முன்கூட்டியே சூடு பண்ணி வைத்திருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகாத குறை தெரியாது.

விலையை மட்டும் பார்க்காமல் மாதக் கணக்குப் போடுங்க. உதாரணத்துக்கு மட்டும் சொல்கிறேன்: 70,000 ரூபாய் பழைய இன்ஜின் 18 மாதம் ஓடினால் மாதம் சுமார் 3,890 ரூபாய். 1,20,000 ரூபாயில் கட்டிய இன்ஜின் 48 மாதம் ஓடினால் மாதம் 2,500 ரூபாய்தான். பட்டறையில் நிற்கிற நாட்களின் வாடகை நஷ்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்க.

"பெரிய இன்ஜினா வச்சிடலாம், லோடு நல்லா இழுக்கும்" என்று ஆசை காட்டுவார்கள். வேண்டாம். கியர் பாக்ஸ், கிளட்ச், பிரேக், ரேடியேட்டர் எல்லாம் பழைய இன்ஜினுக்குக் கணக்குப் பண்ணிச் செய்தவை. 1950களில் நம்ம சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி தயாரித்த பெர்கின்ஸ் டீசல் இன்ஜினைப் பெட்ரோல் லாரிகளில் மாற்றி வைத்தார்கள்; அது ஒரு காலம். இப்போது சட்டம் வேறு. பழைய 407களில் பெரும்பாலும் 497 வகை இன்ஜின். 4 சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் அகலம், அதனால் அந்தப் பெயர். ஆனால் 497 என்று கேட்டால் மட்டும் போதாது. டர்போ இருக்கா இல்லையா, பி.எஸ். எத்தனை என்பதும் பொருந்த வேண்டும். சாதாரண பம்ப் வைத்த வண்டியில் கம்ப்யூட்டர் வைத்த புது வகை இன்ஜினை மாட்டினால் வயரிங், சென்சார் என்று செலவு முடியவே முடியாது.

கடைசியாகக் காகிதம். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. ஆகவே அதே கம்பெனி, அதே வகை இன்ஜின்தான். மாற்றும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் (தாம்பரம் என்றால் டி.என். 11) கேட்டு அனுமதி வாங்குங்க. அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். வண்டி மேல் பைனான்ஸ் இருந்தால் அவர்களின் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும். இன்ஜின் நம்பர் போட்ட பில், அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. நகல், இரண்டும் இல்லாமல் வாங்காதீங்க. நம்பரைத் தேய்த்திருந்தால் திருட்டு இன்ஜினாக இருக்கலாம், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஆர்.சி.யில் ஒரு நம்பர், வண்டியில் வேறு நம்பர் என்றால் எப்.சி. நிற்கும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் சிக்கலாகும்.

15 வருடம் தாண்டிய வண்டி என்றால் இன்னும் யோசிக்கணும். எப்.சி. கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு ஏறிவிட்டது. சேசிஸ் துருப்பிடித்த வண்டிக்கு நல்ல இன்ஜின் வைத்து என்ன பயன்?

இன்ஜின் கடன் கேட்டு விண்ணப்பம் வரும்போது குழுவில் மூன்று தாள் கேளுங்க: கம்ப்ரஷன் அளவு, இரண்டு பட்டறைகளின் எஸ்டிமேட், ஆர்.சி. நகல். அந்த ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்க. கடன் அக்கா பேரில், வண்டி மாமா பேரில் என்றால், தீர்மானம் எழுதும் முன் அவரையும் கூட்டத்துக்கு வரச் சொல்லி, தவணைக்குப் பொறுப்பேற்று எழுத்தில் கையெழுத்து வாங்குங்க.