நற்காட்சியும் மனநூலும்

மும்மணிகளுள் முதலாவதாகிய நற்காட்சியைப் பிள்ளைகளுக்கு எங்ஙனம் கற்பிப்பது என்னும் வினா நமக்கு நெடுநாளாக உண்டு. நல்ஞானத்திற்கு நூல்கள் உள்ளன. நல்லொழுக்கத்திற்கு விரதங்கள் உள்ளன. நம்பிக்கையை மட்டும் எந்தக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது?

சில ஆண்டுகளுக்கு முன், மதுரைக்கு மேற்கே உள்ள கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குச் சில சாவகக் குடும்பங்களுடன் சென்றிருந்தோம். அடிவாரத்துத் தாமரைக் குளத்தையும் அய்யனார் கோயிலையும் கடந்து, பாறைப் படிகளேறிப் பேச்சிப்பள்ளத்தை அடைந்தோம். அங்குப் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ள திருமேனிகளின் முன் அனைவரும் அமர்ந்தோம். நம்முடன் வந்த பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி கண்மூடி அமர்ந்தவள் நெடுநேரம் எழவில்லை. இறங்கும்போது நம் கையைப் பற்றிக்கொண்டு, "பாட்டி, அங்கே இருந்தபோது எனக்கு எல்லாமே தெளிவாகத் தெரிந்தது போல இருந்தது. இப்போது அது இல்லை. அப்படியானால் அது பொய்தானே?" என்று கேட்டாள். ஐம்பது ஆண்டுகளில் எத்தனையோ வினாக்களுக்கு விடை சொல்லிய நாம், படியைப் பார்த்து இறங்கம்மா என்று மட்டும் கூறி அன்று தப்பித்துக் கொண்டோம்.

ஆசிரியப் பயிற்சியின்போது நாம் பயின்ற மனநூற் பாடத்தில் வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞரின் பெயர் அடிக்கடி வரும். ஆசிரியர்களுக்கென்றே அவர் ஆற்றிய உரைகள் 1899இல் நூலாக வெளிவந்தன. அதே அறிஞர் 1901, 1902ஆம் ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் சமய அனுபவங்களைப் பற்றி இருபது சொற்பொழிவுகள் ஆற்றினார். ஆழ்ந்த அனுபவத்திற்கு நான்கு அடையாளங்களை அவர் கூறுகிறார்: சொல்லில் அடங்காமை, ஏதோ ஓர் உண்மையை அறிந்தோம் என்னும் உணர்வு, நீடித்து நில்லாமை, நம்மின் மேம்பட்ட ஒன்று நம்மை ஆட்கொண்டது போன்ற உணர்வு. பெரும்பாலும் அரைமணி நேரம், மிஞ்சினால் ஓரிரு மணி நேரமே அது நிற்கும் என்பது அவர் கண்ட முடிவு. அவ்வனுபவம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அளக்கலாகாது, வாழ்வில் அது என்ன பயன் விளைத்தது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். ஸ்டார்பக் என்னும் மற்றோர் அமெரிக்கர், கிறித்தவரிடையே வினாத்தாள் அனுப்பித் திரட்டிய செய்திகளை 1899இல் வெளியிட்டார். திடீரென்று நிகழும் மனமாற்றம் பெரிதும் பதின்பருவத்திலேயே நிகழ்கிறது என்பது அவர் கண்டது. நம் சிறுமியின் வயதும் அதுவே.

இனி நம் ஆகமம் கூறுவதைக் காண்போம். உயிர் முதன்முதலாக எய்துவது உபசம நற்காட்சி. அதன் காலம் அந்தர்முகூர்த்தம், அதாவது 48 நிமிடங்களுக்கு உட்பட்டது! ஜேம்ஸின் கணக்கை முதன்முறை படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் அமர்ந்திருந்தோம். உபசமம் என்பதற்கு ஆசாரியர் பூஜ்யபாதர் சர்வார்த்தசித்தியில் ஓர் உவமை காட்டுகிறார். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையைச் சேர்த்தால் சேறு அடியில் தங்கி நீர் தெளிகிறது. மதுரைப் பக்கத்துக் கண்மாய் நீரைக் குடித்து வளர்ந்த தலைமுறைக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பானையின் உட்புறத்தில் கொட்டையைத் தேய்த்த கைகள் நம்முடையவை. நீர் தெளிந்தது உண்மை. சேறு அடியில் இருப்பதும் உண்மை. பானை அசைந்தால் மீண்டும் கலங்கும். அதனால் முன்பு தெளிந்ததே பொய் என்று எவரும் சொல்லார். தரிசன மோகனீயம் அடங்கியிருந்த அச்சிறு பொழுதிற்குப் பின் உயிர் கீழே இறங்கினாலும், ஒருமுறை நற்காட்சியைத் தொட்ட உயிரின் பிறவிச் சுழற்சிக்கு ஓர் எல்லை ஏற்பட்டு விடுகிறது என்பது நம் சித்தாந்தம்.

எனினும் ஜேம்ஸின் நான்காம் அடையாளம் நமக்கு ஒவ்வாது. வெளியிலிருந்து ஓர் ஆற்றல் வந்து நம்மை ஆட்கொள்வதில்லை. வினை அடங்குவதும் உயிரின் தூய்மை பெருகுவதும் நம்முள்ளேயே நிகழ்வன. அன்றியும், மலைக்காற்றும் மௌனமும் எவர்க்கும் அமைதி தரும். அவ்வமைதியே நற்காட்சி ஆகிவிடாது. தத்துவங்களை உள்ளவாறு நம்புதலே நற்காட்சி. அது இயல்பாகவும் தோன்றலாம், பிறர் உணர்த்த அறிந்தும் தோன்றலாம் என்கிறார் உமாசுவாமிகள்.

பிறர் உணர்த்துவதன் இன்றியமையாமைக்கு அதே மலையில் சான்று உண்டு. செட்டிப்புடவு என்னும் குகையின் புறத்தே முக்குடையின் கீழ் மகாவீரர் அமர்ந்திருக்கிறார். ஊரார் நெடுங்காலம் அத்திருமேனியைச் செட்டியார் என்றே கருதினர். குகைக்கும் அப்பெயரே நிலைத்தது. கண் ஒன்றே, கல்லும் ஒன்றே. முன்னறிவு இல்லாத இடத்தில் கண் தனக்குத் தெரிந்ததையே காணும் என்று பயிற்சி வகுப்பில் படித்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிடைத்ததில்லை. ஊராரைக் குறை கூற இதனைச் சொல்லவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுள் எத்தனை பேர் பார்சுவநாதரையும் பாகுபலியையும் வேறுபடுத்திச் சொல்வர்?

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் அவாவின்மை ஒன்று. பாண்டியன் வெப்புநோய் தீர்ந்து சமயம் மாறிய கதையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. மதுரையில் வாழும் நம்மவர் அக்கதையைக் கேட்டுக் கூசாத நாளில்லை. அதன் வரலாற்று வழக்கு இங்கு வேண்டா. மனநூல் நோக்கில் ஒன்று மட்டும் கேட்போம்: நோய் தீர்ந்ததால் வந்த நம்பிக்கை, நோய் திரும்பினால் எங்கே நிற்கும்? அரசனை விடுவோம். தேர்வில் மதிப்பெண் வேண்டிப் பத்மாவதி அம்மனுக்கு நேர்ந்துகொள்ளும் நம் இல்லத்துப் பெண்களும் (நாமும் ஒருகாலத்தில் அவருள் ஒருவரே) அதே கணக்கைத்தான் போடுகிறோம்.

அக்கதை நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஏழாம் நூற்றாண்டிற்குப் பின்னரும் இம்மலைகளில் உளியோசை ஓயவில்லை. பேச்சிப்பள்ளத்துத் திருமேனிகளும் அவற்றின் வட்டெழுத்துகளும் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டினவாகக் கருதப்படுகின்றன. அவற்றுள் ஒன்றினைச் செய்வித்தவர் அச்சணந்தி அடிகளின் தாயார் குணமதியார் என்று கல் சொல்லுகிறது. மகனைத் துறவுக்குக் கொடுத்த தாய் அவர். அத்திருமேனியின் முன் அவருக்கு என்ன அனுபவம் நேர்ந்தது என்பதைக் கல் சொல்லவில்லை. அவர் செய்ததை மட்டும் சொல்லுகிறது. அச்சிறுமி கண்மூடி அமர்ந்திருந்தது அந்த வரிசையின் முன்தான்.

ஊர் திரும்பிய பின் அவளுக்குத் தேற்றாங்கொட்டை உவமையை விளக்கி ஒரு கடிதம் எழுதினோம். அது பொய்யன்று, ஆனால் அதனை நற்காட்சி என்று முத்திரையிட நமக்கும் உரிமையில்லை என்றும், நாள்தோறும் ஒரு தத்துவத்தையேனும் படித்து ஐயம் எழுந்தால் அஞ்சாமல் கேட்க வேண்டும் என்றும் எழுதியிருந்தோம். பத்து நாளில் விடை வந்தது. "பாட்டி, தேற்றாங்கொட்டை என்றால் என்னவென்று அம்மாவுக்கும் தெரியவில்லை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிப் பார்த்தோம். தண்ணீர் தெளிந்தது. அடியில் இருக்கும் சேற்றை வெளியேற்ற என்ன செய்வது?" என்று கேட்டிருந்தாள். தெளிந்த நீரை வேறு கலத்திற்கு மாற்றுவது போன்றதாகிய க்ஷாயிக நற்காட்சியைப் பற்றி அவளுக்கு இனித்தான் எழுத வேண்டும்.