அயனித் திரவ பாட்டிலைத் திறக்கும் முன்

புணே பக்கத்துச் சாகணில் வேலை என்றால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது கார் அசெம்பிளி லைன்தான். மஹிந்திரா, பஜாஜ், மெர்சிடிஸ் பென்ஸ், ஃபோக்ஸ்வாகன் என்று பெரிய பெயர்கள் எல்லாம் அங்கே இருப்பதால் அது இயல்பு. ஆனால் அந்த வண்டிகளுக்குப் பெயின்ட், பசை, பிளாஸ்டிக், முலாம், பேட்டரி என்று சரக்கு கொடுக்கும் தொழில்களில் லேப் வேலையும் உண்டு. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, கெமிக்கல் டிப்ளமோ படித்தவர்கள் அங்கே போகிறார்கள். அந்த லேப் அலமாரியில் உங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு பாட்டில் இருக்கலாம்: அயனித் திரவம். பிளாஸ்டிக்கிலும் பூச்சிலும் நிலைமின்சாரம் சேராமல் தடுக்க, சூப்பர் கெப்பாசிட்டருக்கு எலக்ட்ரோலைட்டாக, அலுமினியம் முலாம் பூச என்று இதற்குப் பல பயன்கள்.

அயனித் திரவம் என்பது உப்புதான். சாப்பாட்டு உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். இவை 100 டிகிரிக்குக் கீழேயே உருகிவிடும். பல, அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும். 1914-ல் பால் வால்டன் 12 டிகிரியில் உருகும் எத்தில் அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றி எழுதினார். 1992-ல் வில்க்ஸும் சவொரோட்கோவும் காற்றையும் ஈரத்தையும் தாங்கும் இமிடசோலியம் உப்புகளைக் காட்டிய பிறகுதான் உலகெங்கும் லேப்களில் இவை பெருகின. ஆவியாகாது, நாற்றம் இல்லை, எளிதில் தீப்பிடிக்காது என்பதால் ‘பசுமைக் கரைப்பான்’ என்ற பட்டமும் கிடைத்தது.

லேப்பில் கவனத்தைக் குறைப்பது இந்தப் பட்டம்தான். அசிட்டோன் சிந்தினால் மூக்கு சொல்லிவிடும், சில நிமிடத்தில் காய்ந்தும் போகும். இது காயவே காயாது. கையுறையோடு கதவுப்பிடியைத் தொட்டால் அங்கே ஒரு மெல்லிய பூச்சு ஒட்டிக்கொண்டு, யாராவது துடைக்கும் வரை அப்படியே இருக்கும். கம்ப்யூட்டர் மவுஸ், செல்போன், பேனா, ஐடி கார்டு என்று அது நடந்துபோகும் வழி நீளம். கடைசியில் கேன்டீனில் உங்கள் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும். ஆகவே முதல் பழக்கம் இது: அயனித் திரவம் தொட்ட கையுறையோடு வேறு எதையும் தொடாதீர்கள். மெல்லிய நைட்ரைல் கையுறை ஒரு தெறிப்பைத் தாங்கத்தான். பட்டதும் கழற்றிப் போட்டு, கை கழுவி, புதிதாகப் போடுங்கள்.

இனி முக்கியமான ஒன்று. லேப்பில் ‘பிமிம் பிஎஃப்-6’ என்று சுருக்கிச் சொல்வார்கள். முழுப் பெயர் பியூட்டைல் மெத்தில் இமிடசோலியம் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட். விளக்கெண்ணெய் போலக் கெட்டியான, நிறமற்ற அல்லது லேசான மஞ்சள் திரவம். தண்ணீரோடு கலக்காது, அடியில் தங்கும். பார்க்கச் சாதுவாக இருக்கும் இதற்குள் ஃபுளோரின் இருக்கிறது. அமிலமும் ஈரமும் சூடும் சேர்ந்தால் அது சிதைந்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், அதாவது எச்எஃப், வெளியே வரும். 2003-ல் அலபாமா பல்கலைக்கழகத்தில் ராபின் ராஜர்ஸின் குழு இதைக் கண்டு, அயனித் திரவங்கள் எப்போதும் பசுமையானவை அல்ல என்று தலைப்பிலேயே எச்சரித்துக் கட்டுரை வெளியிட்டது. டெட்ராஃபுளோரோபோரேட் வகை இன்னும் நிலையற்றது, ஈரம் பட்டால் அறை வெப்பத்திலேயே மெல்லச் சிதையும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை சாகண் மழையில் ஊறிக் கிடக்கும். மூடி சரியாகத் திருகாத பாட்டில் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பழைய கண்ணாடிப் பாட்டில் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்சுவரில் தேய்த்தாலும் போகாத பால்போன்ற மங்கல் தெரிந்தால், அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். எச்எஃப் கண்ணாடியை அரித்திருக்கலாம். அதைத் திறக்காமல் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். சந்தேகம் தீர, அவர் முன்னிலையில் ஃபியூம் ஹூட் எனும் புகைக்கூண்டுக்குள் ஒரு துளியைப் பிளாஸ்டிக் குழாயில் நீரோடு குலுக்கி, மேலே நிற்கும் நீரில் பிஎச் தாளை நனைக்கலாம். தாள் சிவந்தால் பாட்டில் கழிவுக்குப் போக வேண்டியது. ஃபுளோரின் உள்ள அயனித் திரவத்தைப் பாலிஎத்திலீன் அல்லது டெஃப்லான் பாட்டிலில் வைப்பதும், திறந்த தேதியை மூடியில் எழுதுவதும் எப்போதும் நல்லது.

பேட்டரி பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கும் இதே பாடம் உண்டு. லித்தியம் அயனி செல்லின் எலக்ட்ரோலைட்டில் இருக்கும் லித்தியம் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் அயனித் திரவம் ஆகாது, ஆனால் ஈரம் பட்டால் அதிலிருந்தும் எச்எஃப்தான் வரும். அதோடு அங்கே தீப்பிடிக்கும் கரைப்பானும் சேர்ந்திருக்கிறது.

எச்எஃப் பட்டால் என்ன ஆகும் என்பதை வேலைக்குச் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். செறிவு குறைவாக இருந்தால் உடனே வலிக்காது. ஷிப்ட் முடிந்து அறைக்குப் போய்த் தூங்கிய பிறகு, நகத்துக்கடியில் தாங்க முடியாத வலியாக எழும். சில நேரம் ஒரு நாள் வரை தள்ளிப்போகும். அதற்குள் அமிலம் தோலைத் தாண்டி ஆழத்தில் இறங்கி, உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அளவு கூடினால் ரத்தத்தில் கால்சியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும். பட்ட உடனே ஏராளமான தண்ணீரில் கழுவி, நனைந்த உடையைக் கழற்றி, 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைத் தடவித் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேய்ப்பவரும் கையுறை போட வேண்டும். கண்ணில் பட்டால் ஜெல் கூடாது. தண்ணீரால் கழுவியபடியே மருத்துவமனை.

அந்த ஜெல் லேப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் சாகண் சாலைதான். புணே–நாசிக் நெடுஞ்சாலையில் தளேகாவ் சௌக்கில் மாலை நேரத்தில் லாரிகள் நிற்கும் நிலை அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். 108 ஆம்புலன்ஸ் வந்து, பிம்ப்ரி ஒய்சிஎம் மருத்துவமனைக்கோ வேறு பெரிய மருத்துவமனைக்கோ போய்ச் சேரும் வரை அமிலம் காத்திருக்காது. இன்னொன்று: டாக்டரிடம் வெறுமனே “ஆசிட் பட்டது” என்றால் சாதாரணத் தீக்காயமாக மருந்து போட்டு அனுப்பிவிடக்கூடும். “ஹைட்ரோஃபுளோரிக்” என்று சொல்லுங்கள், பாதுகாப்புத் தரவுத் தாளின் பிரதியைக் கையில் கொண்டுபோங்கள்.

லேப்பில் எஸ்டிஎஸ் என்று சொல்லும் அந்தத் தாளில் 16 பகுதிகள். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லாத நாளில் நான்கு, எட்டு, பத்து, பதிமூன்று: முதலுதவி, பாதுகாப்பு உபகரணம், எதோடு சேர்ந்தால் சிதையும், கழிவை எப்படி அகற்றுவது. ‘முழுமையாக ஆய்வு செய்யப்படவில்லை’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், அதை ‘நச்சில்லை’ என்று படிக்காதீர்கள். சிதையும் வெப்பநிலை என்று தாளில் உள்ள எண்ணையும் அப்படியே நம்பிச் சூடேற்ற வேண்டாம். வேகமாகச் சூடேற்றி அளந்த எண்ணாக அது இருக்கலாம். மணிக்கணக்கில் சூட்டில் வைத்தால் அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே சிதைவு தொடங்கும். அலுமினியம் குளோரைடு கலந்த முலாம் திரவமோ, தண்ணீர் பட்டால் கொதித்து ஹைட்ரஜன் குளோரைடு புகை விடும்.

சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள். உலர்ந்த வெர்மிகுலைட்டைத் தூவி, அள்ளி, தனிப் பிளாஸ்டிக் டிரம்மில் போட வேண்டும். சிங்க்கில் ஊற்றினால் கடைசியில் அது பாமா ஆற்றுக்கோ இந்திராயணி ஆற்றுக்கோ போய்ச் சேரும். இமிடசோலியம் வகைகளில் பல எளிதில் மட்கிப்போகாதவை. பக்கச் சங்கிலி நீள நீள நீர்வாழ் உயிர்களுக்கு நச்சு கூடும். இங்கிலாந்தில் ஒரு குப்பைக் கிடங்கை ஒட்டிய மண்ணில் ஆக்டைல் மெத்தில் இமிடசோலியம் இருப்பதை நியூகாசில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்து, கல்லீரல் நோயோடு அதற்குத் தொடர்பு உண்டா என்று ஆராய்ந்தார்கள். புணே வட்டாரத்து அபாயக் கழிவுகளுக்கு ரஞ்சன்காவில் பொது மையம் இருக்கிறது. உங்கள் டிரம்கள் எங்கே போகின்றன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தவர்கள் இதையெல்லாம் கேட்கத் தயங்குவார்கள். தயங்க வேண்டாம். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த பிரிவுகள், ஆபத்தைத் தொழிலாளிக்குச் சொல்வதை நிர்வாகத்தின் கடமையாக்கின. 2020-ன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தகவல் கேட்கும் உரிமை இருக்கிறது. இந்தத் துறையே பிடித்துப்போனால், சென்னை தரமணியில் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்தும் தொழிற்பாதுகாப்பு டிப்ளமோவைப் பற்றி விசாரியுங்கள். வேதியியல் தெரிந்த பாதுகாப்பு அதிகாரியின் சொல்லுக்கு லேப்பில் தனி மதிப்பு.

உங்களைவிட அதிக ஆபத்தில் இருப்பவர், மாலையில் வந்து பீக்கர் கழுவி மேசை துடைக்கும் அக்காதான். அவர் கையில் எஸ்டிஎஸ் கிடையாது, இருந்தாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும். அயனித் திரவம் பட்ட பாத்திரத்தை நீங்களே முதலில் துடைத்து, அலசிய கரைசலைக் கழிவு டிரம்மில் ஊற்றிவிட்டுக் கழுவக் கொடுங்கள். பாதியில் விட்டுப்போகும் வேலையாக இருந்தால் மராத்தியில் “ஹாத் லாவூ நகா” என்று எழுதி ஒட்டுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பக்கத்து மேசைக்காரரிடம் எழுதி வாங்குங்கள்.