உப்பை உதறும் இடத்தில் நில்

பாகாயம்

அன்புள்ள கயல்,

ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்பில் கழிவுநீர்ப் பிரிவில் உனக்கு வேலை கிடைத்ததை அம்மா சொன்னாள். “ஆற்றைக் கெடுக்கிறவங்க கிட்டயா வேலைக்குப் போறா?” என்று பாட்டி சண்டை போட்டதையும் சொன்னாள். பாட்டியின் கோபம் நியாயம்தான். ஆனாலும் நீ போ. அந்த ஊரில் எத்தனையோ வீட்டுப் பெண்கள் ஷூ கம்பெனிச் சம்பளத்தில்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். தொழிலும் இருக்கவேண்டும், கிணறும் இருக்கவேண்டும் என்றால் உள்ளே விவரம் தெரிந்த ஆள் வேண்டும்.

தோல் ஷாப்புகளின் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவனே அதற்கான செலவைத் தர வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. தோல் ஷாப்புகள் உள்ள பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதை அதில் படிக்கலாம். 2025 ஜனவரி 30 அன்று, பாலாற்று விவசாயிகளின் பாக்கி இழப்பீட்டை ஆறு வாரத்தில் கொடுக்கும்படி அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. நடுவில் கழிந்த வருடங்களை நீயே கணக்குப் போட்டுக்கொள்.

தீர்ப்புக்குப் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அவை தேவைதான். ஆனால் சுத்திகரிப்பு என்பது கழிவை இடம் மாற்றுவது. தண்ணீர் தெளியத் தெளியத் தொட்டியில் கசடு ஏறும். 2015 ஜனவரி 31 விடியலுக்கு முன் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் அப்படிப்பட்ட நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து ஷாப்பில் தூங்கிய தொழிலாளர்கள் மேல் பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றுக்குப் போகாமல் தடுத்து வைத்த கழிவுதான் அவர்களைக் கொன்றது.

அதனால் குழாயின் கடைசியில் மட்டும் நிற்காதே. பச்சைத் தோல் வந்து இறங்கும் இடத்துக்குப் போ. கெடாமல் இருக்க அதில் உப்பு அப்பியிருப்பார்கள். ஊறவைத்த பின் அந்த உப்பு தண்ணீரில் கரைந்துவிடும். கிருமி வளர்த்துச் சுத்தம் செய்யும் எந்தத் தொட்டியும் அதை எடுக்காது. சவ்வில் வடிகட்டி, கொதிக்கவைத்து ஆவியாக்கினால், வாங்க ஆளில்லாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் சேரும். ஊறப்போடும் முன்பே உதறி எடுத்தால் அந்த அளவுக்குச் சுமை குறையும். தோலைப் பதனிடப் போடும் குரோமில் முதலாளிக்கு அக்கறை உண்டு, அது காசு. வழக்கமான முறையில் போட்டதில் அறுபது சதவீதம் போலத்தான் தோலில் ஏறும். மிச்சத்தை மக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, திரும்ப டிரம்முக்கே விடலாம். உப்பு மலிவு, அதுதான் சிக்கல். அதற்காக நீதான் சண்டை போடவேண்டும்.

கழிவுநீர்ப் பதிவேட்டில் நீ அளக்காத எண்ணுக்குக் கையெழுத்துப் போடாதே.

கடைசியாக, எனக்கு மிகவும் பயம் தரும் விஷயம். சுண்ணாம்புக் குழித் தண்ணீரில் சல்பைடு இருக்கும். அமிலம் கலந்த தண்ணீர் அதோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். செறிவு ஏறினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. குழிக்குள் இறங்கியவன் விழுவான், தூக்க இறங்கியவனும் விழுவான். இரண்டு வடிகாலும் எங்கே சேர்கின்றன என்று முதல் வாரமே நடந்து பார். வரைபடம் இல்லை என்றால் நீயே வரை. அடைப்பு எடுக்க யாரையும் இறங்கவிடாதே, மேஸ்திரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. எச்சரிக்கைப் பலகை தமிழில் மட்டும் இருந்தால் இந்தியிலும் வங்காள மொழியிலும் எழுதச் சொல்.

உன் மாமா