பக்கவாதம் வந்த கைக்கு ரோபோ செய்ய வரும் தம்பி தங்கைகளுக்கு

பக்கவாதத்துக்குப் பின் கைக்குப் பயிற்சி தரும் கருவியை உருவாக்க வேண்டும் என்ற ஆசையோடு பொறியியல் மாணவர்கள் பலர் வருகிறீர்கள். நல்ல ஆசை. வேலையில் இறங்குவதற்கு முன் இவற்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

1. முதலில் கையைப் பாருங்கள். கம்ப்யூட்டரில் வரையத் தொடங்கும் முன் மறுவாழ்வுப் பிரிவு ஒன்றில் அனுமதி வாங்கி உட்காருங்கள். அங்கே வருபவர்கள் பலருக்கு மணிக்கட்டு உள்நோக்கி மடங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் புதைந்து, மற்ற விரல்கள் அதன்மேல் இறுகிக் கிடக்கும். இப்படிக் கை இறுகியவர்களில் பலருக்கு விரல்களை ஓரளவு மூட வரும், திறக்க வராது. உங்கள் கருவி முதலில் விரிக்க உதவட்டும்.

2. வேகமாக இழுக்காதீர்கள். இந்தத் தசை இறுக்கம் வேகத்தைப் பொறுத்தது. சட்டென்று நீட்டினால் தசை இன்னும் பலமாக எதிர்க்கும், மெல்ல நீட்டினால் இடம் கொடுக்கும். எதிர்ப்பு கூடும்போது மோட்டாரின் விசையைக் கூட்டாதீர்கள். நிறுத்தி, இறுக்கம் தளரும்வரை பொறுங்கள்.

3. மாட்டிவிடும் சிரமத்தை எண்ணிப் பாருங்கள். இறுகிய கையில் கையுறை நுழையாது. அனுபவமுள்ள தெரபிஸ்ட் விரல் நுனியைப் பிடித்து இழுக்கவே மாட்டார். மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் மடக்குவார், விரல்களை மடக்கும் தசைநாண்கள் தளரும். கட்டைவிரலை அதன் அடிப்பகுதியில் பிடித்து வெளியே எடுப்பார். பிறகு மற்ற விரல்கள் தாமாகவே இளகும். இதற்கு வழிவிடும் வடிவம் வேண்டும். மேல்பக்கம் திறந்திருந்து வெல்க்ரோ பட்டையால் கட்டுவது நல்லது. வீட்டில் பயன்படுத்துவதென்றால் நோயாளி மற்றொரு கையால் தாமே மாட்டிக்கொள்ள முடிய வேண்டும்.

4. கருவியின் கீலும் விரலின் மூட்டும் ஒரே அச்சில் அமையட்டும். விலகினால் மூட்டை நெருக்கும், தோலை உராயும். பலருக்கு அந்தக் கையில் உணர்ச்சி மங்கியிருக்கும், வலிப்பதே தெரியாது. பயிற்சி முடிந்ததும் கருவியைக் கழற்றி, தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

5. நோயாளி முயலட்டும். எல்லா அறிவுரையிலும் இதையே தலையாயதாகச் சொல்வேன். கருவியே எல்லாவற்றையும் செய்துவிட்டால் மனித உடல் தன் முயற்சியைக் குறைத்துக்கொள்ளும். விரல் அசையத் தொடங்கும்வரை காத்திருந்து, எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கே கைகொடுங்கள். முன்னேற்றம் தெரியத் தெரிய உதவியைக் குறையுங்கள். மூளை மறுபடி கற்றுக்கொள்வது தன் முயற்சியால்தான்.

6. எண்ணிக்கை வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. 2009இல் வந்த ஆய்வொன்றில், ஒரு சிகிச்சை அமர்வில் கையால் பயனுள்ள வேலைகளைச் செய்து பார்த்தது சராசரியாக 32 தடவைதான். இயந்திரம் சலிக்காமல் நூற்றுக்கணக்கில் செய்ய வைக்கும். ஆனால் 2019இல் வெளியான பிரிட்டனின் ராட்டுல்ஸ் ஆய்வில், 770 பேரை வைத்துப் பார்த்தபோது, ரோபோ பயிற்சியால் கைவேலைத் திறன் வழக்கமான சிகிச்சையைவிட மேம்படவில்லை. ஆகவே டம்ளர் பிடிப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, கதவுத் தாழ்ப்பாள் நீக்குவது போன்ற வேலைகளோடு பயிற்சியைப் பிணையுங்கள். நோயாளிக்கு ஆதாரமில்லாத வாக்குக் கொடுக்காதீர்கள்.

7. எளிமையாகச் செய்யுங்கள். வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ என்ற கைப்பயிற்சிக் கருவியில் மோட்டார் ஒன்றுதான். அதில் மாற்றிப் பொருத்தும் பாகங்களால் மணிக்கட்டு, முன்கை, விரல்கள் என்று வெவ்வேறு அசைவுகளுக்குப் பயிற்சி தரலாம். விலையும் எடையும் பழுதும் குறைய இது நல்ல பாதை.

8. பாதுகாப்பை மென்பொருளிடம் மட்டும் விடாதீர்கள். விரல் மடங்கக் கூடாத பக்கம் மடங்காதபடி உலோகத் தடையே இருக்கட்டும். அவசர நிறுத்தப் பொத்தான் நல்ல கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கருவியைக் கழற்றிய பிறகு அந்தக் கை வீட்டில் என்ன செய்கிறது என்பதை வைத்தே உங்கள் வேலையை அளந்து பாருங்கள். அதற்கு முதல் மாதிரியைச் செய்யும் முன்பே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரையும், பக்கவாதத்திலிருந்து தேறிவரும் ஒருவரையும் உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்வதை, எவ்வளவு அழகான வடிவமாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.