பெருஞ்சாலை வேலையும் இராக்காலச் சத்தமும்

கரிசல் மண்ணின் குணத்தை நம் வாசகர்களுக்குப் புதிதாய் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மழை கண்டால் அது உப்பிக் களியாய் இளகும். கோடையில் சுருங்கிக் கை நுழையுமளவு வெடிப்பு விடும். பருத்திக்கு உகந்த இதே குணம் சாலைக்குப் பகையாகும். ஆகையால் சாலை போடுவோர் மேற்கரிசலைத் தோண்டி அப்புறப்படுத்திச் சரளை நிரப்புவர். அல்லது சுண்ணாம்பு கலந்து மண்ணைக் கெட்டிப்படுத்துவர். ஈரத்தில் இவ்வேலை நடவாது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் முடித்தாக வேண்டும். எனவே கழுகுமலை, கோவில்பட்டி, கயத்தாறு வட்டாரங்களில் சாலை வேலைக்குத் தோதான காலம் மாசி முதல் ஆவணி வரையே. பகல் போதாதபோது இரவையும் சேர்த்துக்கொள்ள விரும்புவது ஒப்பந்தக்காரர்களுக்கு இயல்பு.

சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு வழியே குமரி செல்லும் பெருஞ்சாலை முன்பு 7 என்ற எண்ணுடன் இருந்து, 2010-ல் எண்கள் மாற்றப்பட்டபோது 44 ஆயிற்று. அது நால்வழியானதன் பயனை மிளகாய், உளுந்து, மக்காச்சோளம் ஏற்றியனுப்பும் சம்சாரிகள் அனைவரும் அறிவர். சாலை வேண்டாமென்று எவரும் சொல்லார். ஆனால் விடியுமுன் எழுந்து காட்டுக்குப் போகவேண்டிய குடியானவனுக்கு இரவு பத்து மணி முதல் நாலு மணி வரையுள்ள உறக்கமே மறுநாள் வேலைக்கு மூலதனம். வீட்டில் அவனுக்கும் முன்னே எழுகிற பெண்மக்களுக்கு அதுவும் குறைவு. இந்த உறக்கத்தை யார் கேட்டாலும் கொடுத்துவிடலாமா, கொடுக்கக் கிராம உத்தியோகஸ்தர்களுக்கு அதிகாரம் உண்டா என்பதே இங்கு விசாரிக்கவேண்டிய விஷயம்.

1986-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 2000-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் ஒலி மாசு விதிகளை இயற்றினர். அவற்றின்படி இராக்காலம் என்பது இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிகளில் சத்தம் பகலில் 55 டெசிபலுக்கும், இரவில் 45 டெசிபலுக்கும் மேற்படலாகாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடத்தை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40. 2010-ம் வருஷத்துத் திருத்தத்தில் ஒரு முக்கியமான வாசகம் சேர்க்கப்பட்டது. சத்தம் எழுப்பும் கட்டுமான யந்திரங்களைக் குடியிருப்புப் பகுதிகளிலும் அமைதி மண்டலங்களிலும் இராக்காலத்தில் உபயோகிக்கலாகாது என்பதே அது.

இவ்விடத்தில் அநேகருக்கு ஒரு மயக்கம் உண்டாகிறது. கோவில் கொடைக்கும் திருவிழாவுக்கும் இரவு 12 மணி வரை ஒலிபெருக்கி வைக்க அனுமதி கிடைக்கிறதே, அதுபோல் சாலை வேலைக்கும் கொடுத்தாலென்ன என்பர். திருவிழாவுக்குரிய அந்தச் சலுகை ஒலிபெருக்கிக்கு மட்டுமே உரியது. அதையும் மாநில சர்க்காரே, வருஷத்தில் 15 நாட்களுக்கு மேற்படாமல் அளிக்கக்கூடும். கட்டுமான யந்திரத்துக்கு அப்படியொரு வாசல் விதிகளில் வைக்கப்படவில்லை. ஆகவே ஊர்க்கூட்டத்தில் கையொப்பம் வாங்கினாலும், ஊராட்சியோ பேரூராட்சியோ தீர்மானம் போட்டாலும், நத்தத்துக்குள் இராத்திரி யந்திரம் ஓட்ட அது உரிமைச் சீட்டு ஆகாது. கிராம நிர்வாக அலுவலர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ளுதல் நலம். அப்படிப்பட்ட காகிதத்தில் கையெழுத்திட்டுவிட்டால், பின்னால் வரும் புகாருக்கு அவர்களே சாட்சியாக நிற்க நேரிடும்.

ஊருக்கு வெளியே புஞ்சை வெளியில் நடக்கும் வேலையோ வேறு. யந்திரத்தைப் பற்றிய அந்தத் தடை குடியிருப்பையும் அமைதி மண்டலத்தையுமே பெயர் சொல்லுகிறது. வெறும் காட்டைச் சொல்லவில்லை. ஆயினும் வெளியில் பிறந்த சத்தம் ஊருக்குள் வந்து சேர்ந்தால், அங்கே 45 என்ற அளவு அதைக் கட்டும். யந்திரம் நிற்குமிடத்தைப் போலவே சத்தம் போய்ச் சேருமிடத்தையும் பார்க்கவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

எவ்வளவு தூரம் போய்ச் சேரும்? மண் தோண்டும் யந்திரமோ அதிர்வு ரோலரோ 50 அடி தூரத்தில் ஏறக்குறைய 80 டெசிபல் சத்தம் எழுப்பும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் 6 டெசிபல் குறையும் என்பது கணக்கு. அதன்படி 100 அடியில் 74, 200 அடியில் 68, 400 அடியில் 62, 800 அடியில் 56, 1,600 அடியில் 50. 3,200 அடி போனபின்தான் 44 ஆகிறது. அதாவது ஒரே யந்திரம் ஓடினாலுங்கூட, ஊர் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்தால்தான் இராக்கால அளவுக்குள் அடங்கும். டெசிபல் என்பது முழக்கோல் போன்ற அளவன்று. 10 கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்காகும், காதுக்கு ஏறக்குறைய இருமடங்காய்த் தோன்றும்.

இது வெறுங்கணக்கு. நின்றிருக்கும் பயிரும், மண்ணும், குறுக்கேயுள்ள சுவர்களும் சத்தத்தைக் குறைக்கும். ஆனால் நம் கரிசல் வெளியில் அறுவடை முடிந்தபின் தடுப்பதற்கு என்ன இருக்கிறது? வேலிக்கருவைப் புதர்களைத் தவிர வேறொன்றுமில்லை. மேலும் தெளிந்த வானமுள்ள இரவுகளில் தரையை ஒட்டிய காற்று முதலில் குளிர்ந்து, மேற்காற்று வெப்பமாயிருக்கும். அப்போது மேலே போகவேண்டிய சத்தம் வளைந்து தரைக்கே திரும்பும். பகலில் கேளாத ரயிலின் ஊதல் இரவில் கேட்பது இதனாலேயே. கழுகுமலை போன்ற இடத்தில் பெரும் பாறைமலையும் சத்தத்தைத் திருப்பியடிக்கும் என்பதைச் சேர்த்துக்கொள்க.

இன்னொன்று. விதியிலுள்ள 45 என்பது இராக்காலம் முழுவதுக்கும் எடுக்கும் சராசரி. டிப்பர் லாரி பின்னோக்கி வரும்போது கூவும் ஹாரன் சராசரியில் அதிகம் தெரியாது. தொட்டிலில் உறங்கும் குழந்தைக்கு நன்றாய்த் தெரியும். சித்திரை மாத இரவொன்றில் சாலைக்கு அரை மைல் தள்ளிய வீட்டு மொட்டை மாடியில் படுத்திருந்த இவ்வியாசக்காரரின் அனுபவமும் இதுவே. ரோலரின் உறுமல் ஒரு மணி நேரத்தில் பழகிவிட்டது. ஹாரன் விடியும்வரை பழகவில்லை.

இரவு வேலையை முற்றும் மறுப்பதும் நமக்கு லாபமன்று. பாலத்தின் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடத் தொடங்கினால் நடுவில் நிறுத்தலாகாது. நிறுத்தினால் இணைப்பில் பலம் குறையும். சித்திரை, வைகாசி வெயிலில் போட்ட கான்கிரீட் ஈரம் சீக்கிரம் வற்றி வெடிக்கும். இரவுக் குளிர்ச்சி அதற்கு நல்லது. அரைகுறையாய் விடப்பட்ட சிறுபாலம் ஐப்பசி மழையில் ஓடைத் தண்ணீரை மறித்து, புரட்டாசியில் விதைத்த புஞ்சையை மூழ்கடிக்கும். ஆனால் கல்லுடைத்தல், ஜல்லி கொட்டுதல், ரோலர் ஓட்டுதல் இவற்றுக்கு இப்படிப்பட்ட நியாயம் ஒன்றும் இல்லை. அவசரம் என்ற ஒரே காரணத்தால் அவை இரவுக்குத் தள்ளப்படுமாயின், அவற்றைப் பகலுக்கே திருப்பவேண்டும் என்பது எமது அபிப்பிராயம்.

பிற இடங்களிலும் இவ்வழக்கு நடந்திருக்கிறது. பம்பாய் நகரில் மெட்ரோ ரயில் வேலையைத் தெற்குப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை நடத்தலாகாதென்று 2017-ல் உயர்நீதிமன்றம் தடுத்தது. மறுவருஷம் அத்தடை தளர்த்தப்பட்டது. அதற்கு முன்னரே, 2005 ஜூலையில், பிறர் செவியில் சத்தத்தைத் திணிக்க எவருக்கும் உரிமையில்லை என உச்சநீதிமன்றம் தெளிவாக்கியிருந்தது. இங்கிலாந்தில் 1974-ம் வருஷத்துச் சட்டத்தின் 61-ம் பிரிவின்படி, ஒப்பந்தக்காரர் வேலை தொடங்குமுன்பே என்ன வேலை, எந்த முறையில், சத்தத்தைக் குறைக்க என்ன ஏற்பாடு என்று எழுதிக்கொடுத்து ஸ்தல ஸ்தாபனத்தின் இசைவைப் பெறலாம். இங்கே அப்படிப்பட்ட இசைவுக்கு இடமில்லையெனினும், அக்கேள்விகளை நாம் இரவல் வாங்குவதில் தவறில்லை.

ஆகவே புஞ்சை வெளியில் இரவு வேலை வரப்போகிறதென்று தெரிந்தால், ஊர்ப் பெரியவர்களும் அலுவலர்களும் ஒப்பந்தக்காரரின் இன்ஜினீயரை அழைத்து, எந்தத் தேதிகளில், எந்த யந்திரம், ஊரெல்லையிலிருந்து எத்தனை அடியில் என்று எழுத்தில் வாங்கவேண்டும். ஜெனரேட்டரை ஊருக்கு மறுபக்கத்தில், மண்மேட்டின் மறைவில் நிறுத்தச் சொல்லலாம். லாரிகள் பின்னோக்கி வராமல் சுற்றிப் போகும்படி வழி அமைத்தால் ஹாரனுக்கு வேலையே இராது. இதில் அதிகச் செலவில்லை. பள்ளிப் பரீட்சை நாட்களையும், பங்குனி உத்திரத்துக்குக் கழுகாசலமூர்த்தி சந்நிதியில் ஜனங்கள் கூடும் நாட்களையும் விலக்கக் கேட்கலாம். களத்தில் காவல் படுப்போர்க்கும், கட்டுத்தறியில் கறவை வைத்திருப்போர்க்கும் முந்தின நாளே அறிவிப்பு வேண்டும். திடீர் ஓசையில் மாடு மிரண்டு கயிற்றை அறுப்பது நாம் காணாததன்று.

சொன்னபடி நடவாவிடில் புகார் எழுதுக. அளவுக்கு மேல் 10 டெசிபல் கூடினாலும், இராக்காலத் தடைகளில் ஒன்றை மீறினாலும் எவரும் புகார் செய்யலாம். ஜில்லா கலெக்டரோ, இதற்கென நியமிக்கப்பட்ட போலீஸ் துணைக் கண்காணிப்பாளர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியோ அதை விசாரிப்பர். இரண்டாவது வகைப் புகாருக்கு அளவுக் கருவி அவசியமில்லை. தேதி, மணி, யந்திரம், இடம் இவற்றைக் குறித்தால் போதும்.

கடைசியாக, சுவர் வெடிப்பு. அதிர்வு ரோலர் வந்துபோனபின் வீட்டுச்சுவர் பிளந்ததென்று தகராறுகள் எழும். கரிசலில் கட்டிய வீட்டில் மண்ணின் உப்பலாலும் சுருக்கத்தாலும் வெடிப்பு விழுவது சகஜமாகையால், எது பழையது, எது புதியது என்று பின்னால் எவராலும் நிரூபிக்க முடியாது. எனவே வேலை தொடங்குமுன், சாலையோர வீடுகளின் சுவர்களையும் கிணற்றுக் கட்டுக்களையும் கிராம நிர்வாக அலுவலரும் ஒப்பந்தக்காரரின் ஆளும் ஒன்றாய்ப் பார்வையிடவேண்டும். ஒவ்வொரு வெடிப்பின் இரு முனையிலும் தேதியிட்டுக் கோடு கிழித்துப் புகைப்படம் எடுத்து, அதில் இருவரும் கையொப்பமிட வேண்டும். பிரதிகளில் ஒன்று வீட்டுக்காரரிடமும், மற்றொன்று அலுவலகக் கட்டிலும் இருக்கட்டும்.