வாய்விட்டுச் சொல், கயல்

கும்பகோணம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ டீம் லீடர் ஆன செய்தி கேட்டதிலிருந்து உன் பெரியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த திங்கட்கிழமை உன் குழுவில் ஆட்டிசம் உள்ள ஒருவர் சேருகிறார், எப்படி நடத்துவதென்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பயப்பட ஒன்றுமில்லை. இரக்கம் காட்டவும் வேண்டாம். மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லப் பழகு. முக்கால்வாசி வேலை முடிந்தது.

நான் வங்கிக்காரன் என்பதால் எனக்குப் பிடித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்றொரு சிற்றூர். அந்த ஊர்க்காரர் டொனால்ட் டிரிப்ளெட். ஆட்டிசம் பற்றி டாக்டர் லியோ கானர் 1943-இல் எழுதிய கட்டுரையில் முதலாவதாக வரும் குழந்தை அவர்தான். வளர்ந்து, கல்லூரி முடித்து, உள்ளூர் வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாகவே பல நாடுகள் சுற்றினார். 2023-இல் 89 வயதில் காலமானார். குடும்பத்துக்கு அந்த வங்கியில் பங்கு இருந்ததால் கதவு சுலபமாகத் திறந்தது, உண்மைதான். ஆனால் அத்தனை வருஷம் அவரை அங்கே நிலைக்க வைத்தது ஊர்க்காரர்களின் சுபாவம். தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் பட்டப்பெயர் போல ஆளுக்கொரு நம்பர் வைப்பார். யாரும் கேலி செய்யவில்லை. தங்கள் நம்பரை நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

நம் ஆபீஸ்களில் பாதி வேலை ஜாடையில்தான் நடக்கிறது. "அந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் பார்த்துடுங்க" என்கிறோம். எதைப் பார்ப்பது, எப்போதைக்குள், பார்த்துவிட்டு என்ன செய்வது, ஒன்றும் சொல்வதில்லை. மற்றவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். உன் குழுவுக்கு வருபவர் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடலாம். சொன்ன வேலையைச் செய்யவில்லை என்று பேர் வரும். அதையே, "மூன்றாம் பக்கக் கூட்டுத்தொகையைச் சரிபார்த்துப் புதன் மாலை 4 மணிக்குள் எனக்கு மெயில் போடுங்கள்" என்று எழுதிக் கொடுத்துப் பார். தப்பு இருந்தாலும் சுற்றி வளைக்காமல், எது தப்பு, எப்படித் திருத்துவது என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல். அவரும் நேராகப் பேசக்கூடும். மீட்டிங்கில் "இந்தக் கணக்கு தப்பு" என்றால் மரியாதை தெரியாதவர் என்று முடிவு கட்டாதே. முதலில் கணக்கைப் பார். டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவரே, 2012-இல் இதைத்தான் எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

டியூப் லைட் விட்டுவிட்டு எரிவதும் பக்கத்து சீட்டில் ஸ்பீக்கரில் போன் பேசுவதும் நமக்கு எரிச்சல். சிலருக்கு அன்றைய வேலையே கெட்டுவிடும். தினம் ஒரே இடம் கொடு. ஹெட்போன் மாட்டிக்கொண்டால் கண்டுகொள்ளாதே. கேக் வெட்டிக் கைதட்டும் கூட்டத்துக்கு வராவிட்டால் இழுக்காதே. மதியம் தனியாகச் சாப்பிட்டால் விட்டுவிடு. கூப்பிடுவதை மட்டும் நிறுத்தாதே. நாள் முழுக்கக் கண்ணைப் பார்த்துச் சிரித்து, எல்லோரையும் போல நடந்துகொள்ளப் பாடுபடுவது மனதை அரித்துவிடும். மனச்சோர்வில் கொண்டுபோய் விடும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. என்றைக்காவது தாங்க முடியாமல் நிலைகுலைந்தால் சுற்றி நின்று விசாரிக்க வேண்டாம். ஒரு அமைதியான அறையும் கொஞ்ச நேரமும் கொடுத்தால் போதும்.

இன்னொன்று. ஏதாவது சிக்கல் என்றால் அவர் அப்பாவுக்குப் போன் போடாதே. சம்பளம் வாங்கும் பெரிய மனுஷர் அவர், அவரிடமே பேசு. அவர் சம்மதமில்லாமல் குழுவிடம் எதையும் சொல்லாதே. கணக்கில் புலியாக இருப்பார் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். அப்படிச் சிலரே இருப்பார்கள். ஒழுங்காக வேலை செய்கிறார் என்பதற்காக அதே சீட்டில் வருஷக்கணக்கில் உட்கார வைத்துவிடாதே. பதவி உயர்வு அவருக்கும் உண்டு.

இதெல்லாம் சலுகை என்று யாராவது முணுமுணுத்தால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 என்று சொல். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் இல்லாத ஆட்டிசம் இதில் இருக்கிறது. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் போன்ற பிரிவுகளுக்குச் சேர்த்து 1 சதவீதம். தனியார் கம்பெனியும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. உங்கள் கம்பெனியில் அது எங்கே இருக்கிறது என்று எச்.ஆரில் கேட்டு வாங்கிப் படி.

வெள்ளிக்கிழமைக்குள் அவருக்கு ஒரு மெயில் அனுப்பு. எங்கே உட்காருவார், யாரிடம் சந்தேகம் கேட்கலாம், சாப்பாட்டு நேரம் எது, முதல் வாரம் என்னென்ன வேலை, எல்லாம் அதில் இருக்கட்டும். கடைசி வரியில், வேலை செய்ய வசதியாக வேறு என்ன வேண்டும் என்று கேள். அவர் எழுதுவதைச் செய்துகொடு. முடியாதது இருந்தால் முடியாது என்றே சொல்லிவிடு.

அன்புடன்,
பெரியப்பா