ஆராய்ந்து அமைப்போம் அணி

நுழையும்முன்

தாராவியின் சந்துகளில் மாலையில் மட்டைப்பந்து ஆடும் சிறுவர்கள் முதலில் செய்யும் வேலை அணி பிரிப்பது. நண்பன் என்பதற்காக ஒருவனைச் சேர்ப்பதா, நன்றாகப் பந்து வீசுவான் என்பதற்காகச் சேர்ப்பதா? இவ்வினாவைச் சீருந்துப் பந்தயத்தின் துணையோடு ஆராய்வோம்.

பாடம்

ஃபார்முலா ஒன் என்பது உலகப் புகழ்பெற்ற சீருந்துப் பந்தயத் தொடர். அதனைக் காண்போருக்கெனக் ‘கற்பனை அணி’ என்னும் விளையாட்டு ஒன்று உண்டு. ஆடுபவர் ஐந்து ஓட்டுநர்களையும் இரண்டு பந்தய நிறுவனங்களையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. கையிருப்போ 100 அலகு மட்டுமே. அதுவும் உண்மைப் பணம் அன்று. தேர்ந்தெடுத்தவர்கள் உண்மையான பந்தயத்தில் எவ்வாறு ஓடுகிறார்களோ, அதற்கேற்பப் புள்ளிகள் கிடைக்கும். பந்தயத்தை முடிக்காத ஓட்டுநரால் புள்ளிகள் குறையும்.

மாட்டுங்கா சந்தைக்கு நூறு ரூபாயுடன் செல்பவர், அத்தனையையும் மல்லிகைப் பூவுக்கே கொடுத்துவிட்டால் காய்கறிக்கு என்ன செய்வார்? இங்கும் அதே நிலைதான். புகழ்பெற்ற ஓட்டுநர் ஒருவருக்கே 30 அலகு கொடுத்துவிட்டால், எஞ்சிய ஆறு இடங்களுக்கும் 70 அலகுதான் இருக்கும். ஓர் இடத்திற்கு 12 அலகுகூடக் கிடைக்காது. ஆகவே, விலை குறைந்தவர்களுள் தவறாமல் பந்தயத்தை முடிப்பவர் யார் எனத் தேடுவதே சிறந்த ஆட்டக்காரரின் திறமை.

எவ்வாறு தேடுவது? திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவற்றைத் தொடர்ந்து, தக்கவரை ஆராய்ந்து தேர்வதைக் கூறும் தெரிந்துதெளிதல் வருகிறது. இவ்வரிசையே நமக்கு வழிகாட்டும்.

வலி என்பது ஓட்டுநரின் திறமையும் வண்டியின் ஆற்றலும் ஆகும். காலம் என்பது அண்மைப் பந்தயங்களில் அவர் காட்டிய முன்னேற்றமும் அன்றைய வானிலையும் ஆகும். இடம் என்பது பந்தயத் தடம். மொனாக்கோவின் குறுகிய தெருக்களில் முந்திச் செல்வது அரிது. அங்கு முன்வரிசையில் புறப்படுபவருக்கே வாய்ப்பு மிகுதி. இத்தாலியின் மொன்சாவிலோ நீண்ட நேர்ப்பாதைகள் உள்ளன. அங்கு வேகமே வெல்லும்.

இதற்கு உண்மை நிகழ்வு ஒன்றைக் காண்போம். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர். 2005இல் அவர் ஜோர்டான் அணிக்காக ஓடினார். அவ்வணியின் வண்டி வேகம் குறைந்தது. ஆயினும், அவ்வாண்டு ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் தடத்தில் அவர் நான்காம் இடம் பெற்றார்.

அது எவ்வாறு நிகழ்ந்தது? அத்தடத்தின் சாய்வான வளைவு ஒன்றில் மிஷலின் டயர்கள் தாங்கவில்லை. பயிற்சி ஓட்டத்தின்போதே இக்குறை வெளிப்பட்டது. பந்தய நாளில் அந்த டயர்களைப் பூட்டிய 14 வண்டிகளும் போட்டியிலிருந்து விலகின. பிரிஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு வண்டிகளே ஓடின. அன்று நரேன் பெற்ற 5 புள்ளிகளே அவ்வாண்டு முழுவதும் அவர் பெற்ற புள்ளிகள்.

‘நம் ஊர்க்காரர்’ என்னும் அன்பினால் மட்டும் அவரைத் தேர்ந்தவர், ஏனைய பந்தயங்களில் ஏமாந்திருப்பார். ‘வேகம் குறைந்த வண்டி’ என்று எப்போதும் ஒதுக்கியவர், அன்று ஏமாந்திருப்பார். பயிற்சியின்போதே டயரையும் தடத்தையும் கவனித்தவரே சரியாகத் தேர்ந்திருப்பார். அன்பு வேறு, ஆராய்ச்சி வேறு. நம்மவர் வெல்ல வேண்டும் என விரும்புவது தவறன்று. ஆனால், அவ்விருப்பத்தையே தகுதியாகக் கொள்ளுதல் கூடாது.

ஒன்றை மறவாதீர். இவ்விளையாட்டைத் தாளும் எழுதுகோலும் கொண்டே ஆடலாம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்ய நம் நாடாளுமன்றம் 2025இல் சட்டம் இயற்றியுள்ளது. நாம் பெற வேண்டியது பணம் அன்று, தெளிவு.

சொற்பொருள்

சீருந்து – கார்
அலகு – அளவிடும் கூறு
தடம் – பாதை
அரிது – கடினமானது
தெளிதல் – ஐயமின்றி அறிதல்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: வலியறிதல், காலமறிதல், அவ்வாண்டு.
2. இண்டியானாபோலிஸில் ஆறு வண்டிகள் மட்டும் ஓடியது ஏன்?
3. இரண்டு ஓட்டுநர்களுக்கு 50 அலகு செலவிட்டால், எஞ்சிய ஒவ்வோர் இடத்திற்கும் சராசரியாக எத்தனை அலகு கிடைக்கும்?
4. உங்கள் வகுப்பின் தொடரோட்டத்திற்கு நால்வரைத் தேர்ந்தெடுங்கள். ‘நண்பர்’ என்னும் சொல்லைப் பயன்படுத்தாமல், ஒவ்வொருவரையும் தேர்ந்ததற்கான காரணத்தை எழுதுங்கள்.